கலங்கலும் தெளிவும்: நாளடைவில் விளங்குவதைச் சொல்லும் ஆங்கிலத் தொடர்கள் தமிழில்

ஒரு பொருள் நாளடைவில் விளங்கிவருவதைச் சொல்ல இன்றைய தமிழ் உரைநடை எடுத்தாளும் தொடர்களில் கணிசமானவை ஆங்கிலத்தின் அச்சில் வார்த்தவை. ‘முறைகேடு வெளிச்சத்துக்கு வந்துள்ளது’, ‘இப்போது தெளிவான சித்திரம் கிடைத்துள்ளது’, ‘தூசு அடங்கட்டும், பிறகு பார்க்கலாம்’, ‘புதிரின் துண்டுகள் ஒவ்வொன்றாகப் பொருந்துகின்றன’, ‘பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது’ என்று செய்தித்தாளும் மேடையும் தொலைக்காட்சி விவாதமும் நாள்தோறும் பேசுகின்றன. பேச்சில் இன்னும் நேராகவே ‘மேட்டர் கிளியர் ஆயிடுச்சு’, ‘பிக்சர் கிடைச்சிடுச்சு’ என்கிறோம். இவற்றைத் தமிழுக்குக் கேடு என்று ஒதுக்குவோரும் உண்டு, வளம் என்று வரவேற்போரும் உண்டு. இரு தரப்பாரும் சொற்களின் பிறப்பைப் பற்றியே வழக்காடுகிறார்கள். என் அக்கறை வேறு. ஒன்று விளங்கிவருவதற்குக் காலம் பிடிக்கிறது என்றால், அந்தக் காலத்தில் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். யாரோ ஒருவருக்குத்தான் அது விளங்கியும் இருக்கிறது. இந்த இரண்டையும் சொல்லவைக்கும் இயல்பு தமிழ் வாக்கியத்துக்கு இருக்கிறது. இரவல் தொடர்களில் பல, அந்த இரண்டையும் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துக்கொள்ள வழிவிடுகின்றன. இழப்பு நேர்வது அங்கேதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். இதைச் சோதித்துப் பார்க்கப் பொருத்தமான ஊர் ஒன்றும் இருக்கிறது: தென்காசிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் உள்ள கடையம். ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் எழுதும் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்த ஒருவர் அங்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றிய நம் அறிவும் நாளடைவில் விளங்கிவந்த ஒன்றுதான்.

முதலில் ஆங்கிலத் தொடர்களின் ஊற்றைப் பார்க்க வேண்டும். அவற்றில் மிகுதியானவை கண்ணைச் சார்ந்தவை. ‘கிளியர்’ என்ற சொல்லே ஒளியையும் உரத்த ஓசையையும் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘எவிடென்ட்’ என்பதற்குள் பார்த்தல் இருக்கிறது. ‘எலூசிடேட்’ என்பதற்குள் ஒளி இருக்கிறது. ‘போகஸ்’ லத்தீனில் அடுப்பு. 1604இல் கெப்ளர் அதை ஒளியியலுக்குக் கொண்டுவந்தார். கதிர்கள் குவியும் இடம் என்ற அந்தப் பொருள் பிற்பாடு புகைப்படக் கருவியோடு பொதுப் பேச்சில் கலந்து, ஒரு விஷயம் ‘போகஸுக்கு வந்தது’ என்று சொல்லும் வழக்கம் உண்டாயிற்று. ஜார்ஜ் லேக்காஃபும் மார்க் ஜான்சனும் 1980இல் எழுதிய நூலில் ‘புரிதல் என்பது பார்த்தல்’ என்ற உருவகம் ஆங்கிலச் சிந்தனையில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று எடுத்துக்காட்டினார்கள். பத்தாண்டு கழித்து ஈவ் ஸ்வீட்ஸர் இந்தோ ஐரோப்பிய மொழிகளில் பார்த்தலைக் குறித்த வினைகள் அறிதலைக் குறிக்கும் வினைகளாக மாறிய வரலாற்றை விரித்தார். எல்லா மொழிக்கும் இது பொது என்று சிலர் எண்ணத் தலைப்பட்டபோது, நிக்கலஸ் எவான்ஸும் டேவிட் வில்கின்ஸும் 2000இல் ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்து, அங்கே அறிதலுக்கு வேராக இருப்பது பெரும்பாலும் கேட்டல்தான் என்று காட்டினார்கள். ஆகவே வெளிச்சமும் சித்திரமும் குவியமும் மனித மனத்தின் பொதுச்சொத்து என்று கொள்ள இடமில்லை. அவை ஒரு மொழிக் குடும்பத்தின் நெடுநாள் பழக்கம். கண்ணாடி வில்லையும் புகைப்படமும் அந்தப் பழக்கத்தை மேலும் உறுதிப்படுத்தின.

தமிழ் இதற்கு எங்கே போயிற்று? தமிழிலும் கண் இருக்கிறது. ‘காட்சி’ என்பது தருக்க நூல்களில் முதல் அளவை. ‘கண்டறிந்தான்’, ‘புலப்பட்டது’ என்பன பழஞ்சொற்கள். கேட்டலுக்கும் குறையாத மதிப்பு உண்டு. திருக்குறளில் ‘கல்வி’ அதிகாரத்தை அடுத்துக் ‘கல்லாமை’யும் ‘கேள்வி’யும் வருகின்றன. ஆயினும், நாளடைவில் விளங்கும் ஒன்றுக்குத் தமிழ் தந்த தலையாய சொல் நீரிலிருந்து வந்தது. ‘தெளிவு’ என்பது கலங்கிய நீர் வண்டல் படிந்து அடங்கிய நிலை. ‘தேறுதல்’ அதன் உடன்பிறப்பு. மண்டி அடியில் தங்க, மேலே நிற்கும் தெளிந்த மதுவைச் சங்கப் புலவர்கள் ‘தேறல்’ என்றார்கள். கொங்கு நாட்டார் பதநீரைத் ‘தெளுவு’ என்கிறார்கள். இரசத்தின் மேல்நீர் தெளிவு. வடித்த கஞ்சியின் மேல்நீர் தெளி. மயக்கம் தெளிகிறது, போதை தெளிகிறது, நோயாளி தேறுகிறான், துக்கத்தில் இருப்பவன் ஆறித் தேறுகிறான். இத்தனை வழக்கிலும் இரண்டு கூறுகள் விடாமல் இருக்கின்றன: முன்பு கலக்கம் இருந்தது, அது அடங்கக் காலம் பிடித்தது. ‘கிளியர்’ என்ற சொல்லில் முன்பு இருட்டு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெளிவு என்ற சொல்லில் முந்தைய கலங்கல் கட்டாயம் உண்டு.

கலித்தொகையில் நெய்தற்கலிப் பாட்டு ஒன்று, பிரிவால் அறிவு கலங்கிய பெண் தலைவன் வந்தபின் மனம் தெளிந்ததைச் சொல்லத் தேற்றா மரத்தின் விதையைத் துணைக்கு அழைக்கிறது. அந்த மரத்துக்கு அப்போது ‘இல்லம்’ என்று பெயர். நம் வீடுகளில் தேத்தாங்கொட்டை என்று வழங்கும் அந்த விதையைக் குடத்தின் உட்புறத்தில் இழைத்துக் கலங்கல் நீரை ஊற்றிவைத்தால், சிறிது நேரத்தில் மண் திரண்டு அடியில் இறங்கிவிடும். விதையில் உள்ள வேதிப்பொருள்கள் நீரில் மிதக்கும் நுண்துகள்களை ஒன்றுசேர்த்துக் கனமாக்குவதே காரணம் என்று இன்றைய வேதியியல் விளக்குகிறது. உவமையின் நுட்பம் இங்கே கவனிக்கத்தக்கது. நீர் தானாகத் தெளியவில்லை. ஒரு விதை வேண்டும், அதை இழைக்க ஒரு கை வேண்டும், பிறகு ஆடாமல் வைத்திருக்கும் பொறுமை வேண்டும். இரண்டாயிரம் ஆண்டளவு பழமையுள்ள மரபில், மனம் தெளிவதை ஒரு செயலின் விளைவாகவே புலவர் கண்டிருக்கிறார். ராமநதியும் கடனாநதியும் மழைக்காலத்தில் செம்மண் நிறத்தில் இறங்கிவரும் கடையம் வட்டாரத்தாருக்கு இந்த உவமையை யாரும் உரை எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு இலக்கணமும் துணைநிற்கிறது. தேறு, தேற்று, விளங்கு, விளக்கு, துலங்கு, துலக்கு, கலங்கு, கலக்கு, புலப்படு, புலப்படுத்து. தன்வினையும் பிறவினையும் இணைஇணையாக நிற்கின்றன. எழுதுகிறவன் ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்: அது தானாக விளங்கியதா, யாராவது விளக்கினார்களா? பாத்திரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் விளக்குவதுதான், பாடத்தின் பொருளை எடுத்துச் சொல்வதும் விளக்குவதுதான். இருட்டில் ஏற்றிவைப்பதும் விளக்கு. அழுக்கேறிய செம்பு தானாகத் துலங்காது என்பது அடுக்களை அறிந்த எவருக்கும் தெரியும். நெல்லைச் சீமையில் ஒருவனை ‘வெளங்காத பய’ என்று வைதால் அவனுக்குப் புத்தியில்லை என்பது மட்டும் பொருளன்று, அவன் உருப்படமாட்டான் என்பதும் சேர்ந்து வருகிறது. அறிவும் செழிப்பும் ஒரே வினைக்குள் வாழ்கின்றன.

இங்கே எதிர்பாராத ஒன்று தட்டுப்படுகிறது. தெளிவைச் சொல்லத் தமிழில் புகழ்பெற்ற உவமைகள் யாவும் முடிந்த தெளிவைச் சொல்பவை. உள்ளங்கை நெல்லிக்கனி, வெள்ளிடை மலை, குன்றின் மேலிட்ட விளக்கு ஆகிய மூன்றிலும் காலம் இல்லை, பார்த்தவுடன் தெரிகிறது. விடியலைக்கூடத் தமிழ் அறிவுக்குப் பெரிதும் பயன்படுத்தவில்லை. ஆங்கிலத்தில் ஓர் உண்மை ஒருவன் மேல் ‘விடிகிறது’. தமிழில் ‘எப்போது விடியும்’ என்று கேட்பவன் துன்பத்திலிருந்து விடுதலையைக் கேட்கிறான். விடிவுகாலம் என்பது மீட்சி. அப்படியானால் மெல்ல மெல்ல விளங்குவதைத் தமிழ் எங்கே வைத்தது? உவமையில் வைக்கவில்லை, வினையில் வைத்தது. ‘போகப் போகத் தெரியும்’, ‘படிக்கப் படிக்கப் புரியும்’, ‘பழகப் பழக விளங்கும்’, ‘கேட்கக் கேட்கத் தெளிந்தது’. ஆங்கிலம் இதே கருத்துக்குப் பண்பை அடுக்குகிறது: இன்னும் தெளிவாக, மேலும் தெளிவாக என்று. தமிழ் அடுக்குவது காரணமான செயலை. போனவன் யார், படித்தவன் யார், பழகியவன் யார் என்ற கேள்வி வாக்கியத்துக்குள்ளேயே எழுந்துவிடுகிறது. விளங்கியது எதனால் என்பதற்கு விடையும் அங்கேயே இருக்கிறது.

இந்த அடுக்கு பேச்சுமொழியின் அண்மைக்காலக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். இதன் மூதாதை ‘தொறும்’ என்ற இடைச்சொல். நல்லவர் நட்பைப் பற்றி வள்ளுவர் சொல்லும் குறள் ஒன்றில், கற்குந்தோறும் நூலின் நயம் மிகுவதுபோலப் பழகுந்தோறும் நட்பு இனிக்கிறது என்ற கருத்து வருகிறது. மணற்கேணியைப் பற்றிய குறளில் தோண்டும் அளவுக்கு நீர் ஊறுகிறது. இன்பத்துப்பாலில் ஒரு குறள் இதையே திருப்பிப் போடுகிறது: அறிய அறிய முன்பிருந்த அறியாமைதான் தெரியவருகிறது என்று காதலன் வாயிலாகச் சொல்கிறது. அறிதல் வளருந்தோறும் அறியாமையின் எல்லையும் கண்ணுக்குப் படுகிறது என்ற இந்த நேர்மையான அவதானிப்பை, ‘சித்திரம் தெளிவாகிறது’ என்ற தொடருக்குள் எப்படி அடைப்பது? சித்திரம் தெளிவாகிக்கொண்டே போனால் முடிவில் குறையே இல்லாத சித்திரம் ஒன்று கிடைத்தாக வேண்டும். வள்ளுவர் காணும் அறிவுக்கு அப்படியொரு கடைசிச் சட்டகம் இல்லை. பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயர் அமைந்ததும் தற்செயலன்று. ஆளை ஆராய்தல் முன்னே, அவன்மேல் நம்பிக்கை வைத்தல் பின்னே. தெளிதல் என்ற சொல்லுக்கு நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தல் என்ற பொருளும் சேர்ந்திருப்பதால், தெளிந்தவன் தன் தெளிவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவனாகிறான்.

இரவல் தொடர்கள் உள்ளே வந்த வாசல்கள் பல. விவிலிய மொழிபெயர்ப்பு அவற்றில் முந்தியது. நீதிமொழிகள் நூலின் நான்காம் அதிகாரத்தில் நேர்மையாளரின் பாதை நண்பகல்வரை ஒளி கூடிக்கொண்டே போகும் வெளிச்சத்துக்கு ஒப்பிடப்படுகிறது. எபிரேய மொழியின் அந்த உருவகம் தமிழ்க் கிறித்தவர்களின் மனத்தில் நன்றாகவே பதிந்தது. கொரிந்தியர் நிருபத்தில் கண்ணாடியில் மங்கலாகத் தெரிவதைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர்கள் ‘நிழலாட்டம்’ என்ற சொல்லைக் கண்டெடுத்தார்கள். அருமையான தேர்வு அது. மூலத்தின் உருவகத்தையும் கைவிடவில்லை, தமிழ்க் காதுக்கும் உறுத்தவில்லை. 1820 முதல் பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த ரேனியஸ் போன்றோர் மொழிபெயர்ப்பு படிப்பவருக்கு விளங்க வேண்டும் என்பதில் காட்டிய பிடிவாதம் திருநெல்வேலிச் சீமையின் உரைநடை வரலாற்றில் தனி இடம் உடையது. இரண்டாவது வாசல் செய்தித்தாள். அதன் வழியாக வந்தவை ஏராளம். அவசரமாக வந்தவையும் அவையே. தந்தியில் வந்த ஆங்கிலச் செய்தியை அன்றிரவே தமிழாக்கி அச்சுக்கு அனுப்ப வேண்டிய உதவியாசிரியருக்கு, உருவகத்தைத் தடவிப் பார்க்க நேரம் ஏது? 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரன் காலம் முதல் இந்த நெருக்கடி இருந்திருக்கிறது.

அந்த உதவியாசிரியர்களில் ஒருவர் பாரதி. 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்து ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பதையே அன்றாட வேலையாகச் செய்தவர். ஆகவே இந்தக் குறையைப் பற்றி அவர் எழுதியது வெளியிலிருந்து சொன்ன புகாரன்று. தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் ஆங்கிலத்தில் நினைத்து அதைத் தமிழ்ச் சொல்லால் மூடி எழுதுகிறார்கள், ஆங்கிலம் தெரியாதவனுக்கு அது விளங்குவதில்லை என்று அவர் வருந்தினார். அதற்கு ஒரு சோதனையையும் வகுத்தார்: எழுதப்போகும் விஷயத்தை முதலில் ஆங்கிலம் அறியாத ஒரு தமிழனிடம் வாயால் சொல்லிப் பார், அவனுக்கு அர்த்தம் விளங்கினால் பிறகு எழுது. அதே பாரதி ‘மெம்பர்’ என்ற சொல்லுக்கு ஈடு தேடி, பல சொற்களை எடுத்துப் பார்த்துத் திருப்தியில்லாமல், அந்த ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடன்சொல்லுக்கு அவர் பகைவர் அல்லர். சொல் எந்த மொழியினது என்பதைவிடக் கேட்பவனுக்கு விளங்குகிறதா என்பதே அவர் கேள்வி. சொல்லிப் பார்ப்பது என்ற அந்தச் சோதனை தெளிவை எழுத்தில் தேடாமல் கேட்பவன் முகத்தில் தேடச் சொல்கிறது. பின்னாளில் 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் பேச்சுத் தமிழையே செய்தி நடைக்கு அடிப்படையாக்கியதும் ஏறக்குறைய இதே நோக்கத்தில்தான். ‘குட்டு உடைந்தது’, ‘சாயம் வெளுத்தது’, ‘அம்பலமானது’ போன்ற தொடர்கள் அச்சில் துணிவோடு நிற்க அந்த நடை பெரிதும் உதவியது.

இனிக் கடையத்துக்கு வருவோம். பத்தாண்டு புதுவை வாசத்துக்குப் பின் 1918 நவம்பர் 20 அன்று பிரெஞ்சு எல்லையைக் கடந்த பாரதி கடலூரில் கைதானார். டிசம்பர் 14 அன்று விடுதலையாகி, மனைவி செல்லம்மாவின் பிறந்த ஊரான கடையத்துக்கு வந்தார். அன்று அது திருநெல்வேலி மாவட்டம்; தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். 1920 நவம்பரில் சென்னைக்குத் திரும்பி மீண்டும் சுதேசமித்திரனில் சேரும்வரை அவருடைய வாழ்வு பெரும்பாலும் இந்த ஊரைச் சுற்றியே அமைந்தது. இந்தக் காலத்தைப் பற்றி ‘பாரதியின் கடையம் வாழ்க்கை மெல்ல வெளிச்சத்துக்கு வந்தது’ என்று எழுதினால், இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் உழைத்தவர்கள் ஒருவரும் இல்லை. உண்மையில் நடந்தது என்ன? செல்லம்மா சொல்லச் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுத, குடும்பத்தின் நினைவுகள் நூலாயின. வ.ரா. தாம் கண்ட பாரதியை எழுதினார். பெ. தூரன் சுதேசமித்திரனின் பழைய தாள்களைப் புரட்டப் புரட்ட, நூல்களில் சேராத எழுத்துகள் கிடைத்தன. அவை 1953இல் ‘பாரதி தமிழ்’ ஆயின. ரா.அ. பத்மநாபன் படங்களையும் கடிதங்களையும் தேடித் தேடித் திரட்டி 1957இல் ‘சித்திர பாரதி’யைக் கொண்டுவந்தார். சீனி. விசுவநாதன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டுப் படைப்புகளைக் காலவரிசைப்படுத்தினார். ஆ.இரா. வேங்கடாசலபதி, ய. மணிகண்டன் முதலியோர் அந்தத் தேடலை நம் காலத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் விதையை இழைத்தவர்கள். ‘வெளிச்சத்துக்கு வந்தது’ என்ற தொடர் அந்தக் கைகள் அத்தனையையும் வாக்கியத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

யாருக்கு விளங்கியது என்ற கேள்வி கடையத்தில் இன்னும் கூர்மையாகிறது. விடுதலையோடு நிபந்தனைகள் வந்தன. குறித்த எல்லைக்குள் வசிக்க வேண்டும், எழுதுவதைக் காவல் துறையின் பார்வைக்குக் காட்ட வேண்டும், அரசியலிலிருந்து விலகியிருக்க வேண்டும். இந்தத் தாள்களை மட்டும் படிப்பவருக்கு அடங்கிப்போன ஒரு மனிதர் தெரிவார். 1919 மேயில் எட்டயபுரம் அரசருக்கு எழுதிய சீட்டுக்கவிகளைப் படிப்பவருக்கு, வறுமையிலும் தன் புலமையின் தகுதியைக் குறைத்துக்கொள்ளாத கவிஞர் தெரிவார். 1920இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையைப் படிப்பவருக்கு, தம் எழுத்துகள் அனைத்தையும் 40 தொகுதிகளாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டமிட்ட பதிப்பாளர் தெரிவார். அடுப்புக்கு வழிதேடிய செல்லம்மாவுக்கு விளங்கிய கடையம் இவை மூன்றிலும் அடங்காது. தமிழில் ‘விளங்கிற்று’ என்று சொன்னவுடன் ‘யாருக்கு’ என்ற நான்காம் வேற்றுமை தன் இடத்தைக் கேட்கிறது. எனக்கு விளங்கிற்று, அவனுக்குப் பிடிபட்டது, ஊருக்குத் தெரிந்துபோயிற்று. அறிவு எழுவாயாக நின்று ஆளைத் தேடி வருகிறது. வந்து சேர்ந்த ஆள் குறிக்கப்படுகிறான். ‘பாரதி அரசியலைக் கைவிட்டார் என்பது தெளிவாகியுள்ளது’ என்று எழுதும்போது அந்த இடம் காலியாகிறது. காலியான இடத்தில் ‘எல்லோருக்கும்’ என்பது சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது நியாயமன்று. நான்கு வகைத் தாள்கள் நான்கு வகையாகப் பேசும்போது, யாருக்கு எந்தத் தாளால் விளங்கியது என்பதே ஆய்வின் உயிர்.

அவருடைய இறுதிநாள்களைப் பற்றிய கதை இதற்கு இன்னொரு சான்று. திருவல்லிக்கேணிக் கோயில் யானை தாக்கியதால் பாரதி இறந்தார் என்று பள்ளிப் பிள்ளைகள்கூட நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். யானை தாக்கியது உண்மை, 1921இல் நடந்தது. ஆனால் அவர் அதிலிருந்து தேறினார், அலுவலகம் சென்றார், ஈரோட்டுக்கு அருகில் கருங்கல்பாளையம் வாசகசாலையின் விழாவுக்குப் போய்ச் சொற்பொழிவாற்றினார். பிறகு வயிற்றுக்கடுப்பு நோய் கண்டு, செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து உயிர் நீத்தார். இந்தத் திருத்தம் தானாக வெளிச்சத்துக்கு வந்ததா? வரவில்லை. உடனிருந்தவர்களின் நினைவுக்குறிப்புகளையும் பத்திரிகைச் செய்திகளையும் நாள்வாரியாக அடுக்கி ஒப்பிட்டவர்கள் கதையைத் தெளியவைத்தார்கள். வண்டல் இன்னும் அடியில் இருக்கிறது. யாராவது கலக்கினால் பழைய கதை மேலே வரும், வரவும் செய்கிறது. வெளிச்சம் ஒருமுறை பட்டால் பட்டதுதான் என்று எண்ணவைக்கிறது அந்த உருவகம். நீரின் உருவகம் தெளிந்தது மறுபடி கலங்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அறிவின் வரலாற்றுக்கு இது நெருக்கமானது என்பது என் துணிபு.

மறுப்புகள் வரும். வரவேண்டியவையும்கூட. முதலாவது, மொழி கடன் வாங்கித்தான் வளரும், ‘பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது’ என்பதை இன்று ஆங்கிலம் அறியாத மேடைப் பேச்சாளரும் ஆளுகிறார், கேட்பவரும் சிரித்துப் புரிந்துகொள்கிறார், பிறகென்ன தடை? தடை ஏதுமில்லை. பாரதியின் சோதனையில் அந்தத் தொடர் தேறிவிட்டது. எதையோ மறைத்துவைத்தவன் ஒருவன் உண்டு, அது நழுவி வெளிவந்துவிட்டது என்ற செயல் அதில் முழுமையாக இருக்கிறது. அது வேரூன்றியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ‘தூசு அடங்கட்டும்’ என்பதும் அப்படியே. வண்டல் அடங்குவதை அறிந்த மொழிக்குத் தூசு அடங்குவது அந்நியமன்று. வேரூன்றாமல் மிதப்பவை எவை என்று பார்த்தால், ‘தெளிவான சித்திரம் கிடைத்துள்ளது’, ‘விஷயம் குவியத்துக்கு வந்தது’ போன்றவை. சித்திரத்தை வரைந்தவர் யார், கருவியைத் திருகியவர் யார் என்று அவற்றில் தெரிவதில்லை. ஆகவே பிரிக்கும் கோடு ஆங்கிலம், தமிழ் என்று ஓடவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. தமிழும் செய்தவனை மறைக்கிறதே, ‘தெரியவந்தது’, ‘தெரியவருகிறது’ என்பவை என்ன? மேலும், விளங்கு, தெளி, தேறு எல்லாம் தன்வினை. அவற்றில் செய்தவன் எங்கே? உண்மைதான். அரசாணையும் காவல் நிலையக் குறிப்பும் நெடுங்காலமாக இந்த வினைகளின் மறைவில் வாழ்ந்துவருகின்றன. ஆனால் ‘விசாரணையில் தெரியவந்தது’ என்று எழுதும் ஆய்வாளர்கூட ‘விசாரணையில்’ என்பதை விடமாட்டார். எதனால் தெரிந்தது என்பது இல்லாமல் அந்த வாக்கியம் அவருக்கே நிற்காது. தன்வினை இருப்பது குற்றமன்று. நீர் சில சமயம் தானாகவே தெளிகிறது. அப்போது அப்படியே சொல்வதுதான் உண்மை. தமிழ் தரும் வசதி, இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிகிறது என்பதே. யாரோ தேற்றியதைத் தேறியது என்று எழுதும்போது எழுதுகிறவர் ஒரு தேர்வைச் செய்கிறார், அந்தத் தேர்வுக்கு அவரைக் கேள்வி கேட்கலாம். ‘வெளிச்சத்துக்கு வந்தது’ என்பதில் ‘கொண்டுவந்தார்’ என்ற மாற்று இருந்தும், செய்தித் தலைப்பின் பழக்கம் அதை நாடுவது குறைவு. ஊழலை வெளிக்கொணர்ந்த தகவல் உரிமை மனுதாரரும், மாதக்கணக்கில் ஆவணங்களைப் புரட்டிய செய்தியாளரும், கையூட்டுக் கேட்டதைத் துணிந்து புகார் செய்த சாதாரண மனிதரும் தலைப்பிலிருந்து மறைந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது. தலைப்பில் இடமில்லை என்பது சரியான சமாதானமாகாது. ‘அம்பலப்படுத்தினார்’ என்பது ‘வெளிச்சத்துக்கு வந்துள்ளது’ என்பதைவிடச் சிறியது.

மூன்றாவது, அறிவியலுக்குப் பார்வை மொழி வேண்டாமா என்ற கேள்வி. வேண்டும். தொலைநோக்கியைப் பற்றியும் நுண்ணோக்கியைப் பற்றியும் எழுதுகிறவர் குவியத்தையும் பிரிதிறனையும் விட்டு எழுத முடியாது; எழுத வேண்டியதுமில்லை. அங்கே உண்மையாகவே ஒரு வில்லை இருக்கிறது, அதைச் சரிசெய்யும் ஆள் இருக்கிறார். காவலூர் வானோக்கு நிலையத்தில் ஒரு மங்கலான விண்மீன் கூட்டத்தின் படம், ஒளியைச் சேர்க்கச் சேர்க்கத் துலங்குகிறது என்று எழுதினால் அறிவியலும் கெடவில்லை, தமிழும் கெடவில்லை. செயல் அடுக்கிவருவதால் எப்படித் துலங்கியது என்பதும் கூடவே தெரிகிறது. வில்லை இல்லாத இடத்தில், ஒரு சட்ட வழக்கிலோ குடும்பச் சண்டையிலோ வரலாற்று ஆய்விலோ, குவியத்தை இழுத்துவருவதுதான் பொருந்தவில்லை.

செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தபோது, செய்தித்தாள் தமிழ் அதன் முதன்மை ஆதாரமாக இருக்கவில்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்து எழுத்து வழக்கின் இன்றைய நிலையைப் பதிவுசெய்தது. மொழி அறக்கட்டளையின் மரபுத்தொடர் அகராதி தொடர்களுக்கென்றே வந்தது. ஒரு தொடர் எந்த ஆண்டில், எந்த இதழில், யார் கையால் முதலில் நுழைந்தது என்று காட்டும் வரலாற்று அகராதி விளக்கத்தொடர்களுக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. சுதேசமித்திரன், இந்தியா, தினமணி, தினத்தந்தி ஆகியவற்றின் பழைய தொகுதிகளைப் புரட்டினால் ‘வெளிச்சத்துக்கு வருதல்’ எப்போது தலைப்புகளில் குடியேறியது, அதே காலத்தில் ‘துலங்கிற்று’, ‘தெற்றென விளங்கிற்று’ போன்றவை எப்போது அரிதாயின என்று நாள் குறித்துச் சொல்ல முடியும். மின்வடிவம் பெற்ற இதழ்த் தொகுதிகள் பெருகிவரும் இந்நாளில் இது ஒரு பல்கலைக்கழகத் துறையின் கைக்கு எட்டாத வேலையன்று. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாரதி நடந்த தெருக்கள் அங்கிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவு. ஆய்வு மாணவர்கள் சிலர் அந்தத் தாள்களைப் புரட்டப் புரட்ட, இக்கட்டுரை ஊகமாகச் சொல்லும் சிலவற்றுக்கு நாள் தேதியோடு விடை கிடைக்கும். சில ஊகங்கள் பிழையென்றும் தெரியவரலாம்.